ரயில் பாதையோரத்து வயல்

தொண்ணூற்று நான்காம் வருடம், நவம்பர் மாதம். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தற்காலிக வரலாற்று ஆசிரியை. விடுப்பில் போன ஒரு டீச்சரின் இடத்தில் என்னை ஒரு வருடத்துக்கு எடுத்திருந்தார்கள். அவர் திரும்பி வர மாட்டார் என்று பேச்சு இருந்தது. நன்றாக நடந்துகொண்டால் அந்த இடம் எனக்கே கிடைக்கும் என்று தலைமை ஆசிரியை இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு முறையும் ‘நன்றாக’ என்பதைச் சற்று அழுத்தித்தான் சொன்னார்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. என் கணவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர். வடமாநிலங்களுக்கு மோட்டார் பொருத்தப் போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார். நாங்கள் சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டாரும் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பத்து மாதக் குழந்தையோடு ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தேன். பகலில் குழந்தையை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பி வந்தால், “பாப்பா அழுவவே இல்லீங்க அம்மணி” என்பார். அழவில்லை என்றால் ஏன் அழவில்லை, என்னைத் தேடவே இல்லையா என்று அதற்கும் ஒரு கவலை வரும். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை எனக்குப் பேச ஆள் கிடையாது.

ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். ஆனால் தற்காலிகமாக வந்தவளிடம் யார் மனசு விட்டுப் பேசுவார்கள்?

ஒரே ஒருத்தி பேசுவாள். பிளஸ் டூ வரலாறு குரூப்பில் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு பெண். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்துக் கூலி வேலை. அவர்கள் தெருவிலிருந்து பிளஸ் டூ வரை வந்த முதல் பெண் அவள்தான். பள்ளி விட்டதும் மேட்டுப்பாளையம் சாலை பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வருவாள். பத்து நிமிட நடை. “பாப்பா எந்திரிச்சு நிக்குதுங்களா மிஸ்?” என்று ஆரம்பித்து, பஸ் வரும்வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். சீனாவில் ராஜா இல்லாமல் போன பிறகு அரண்மனையில் யார் இருந்தார்கள் என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடம் சொல்வதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் வேலைக்குப் போகிறேனோ என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அக்டோபரில் குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டது. இரண்டு வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது பாடம் எங்கோ பின்தங்கிக் கிடந்தது. நவீன சீனாவைப் பற்றிய பகுதியில் 1911-ஆம் வருடப் புரட்சியை மட்டும்தான் நடத்தியிருந்தேன். உள்நாட்டுப் போர், 1949-ஆம் வருடக் கம்யூனிஸ்ட் புரட்சி, கம்யூன் என்ற கூட்டுப் பண்ணைகள், ‘பெரும் பாய்ச்சல்’ என்று அவர்கள் பெயர் வைத்த அந்தத் திட்டம், பிறகு வந்த பொருளாதாரச் சீர்திருத்தம் எல்லாமே பாக்கி. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் வரப்போவதாகச் சேதி வந்தது. கல்வி அதிகாரி வந்து வகுப்பில் உட்காருவார். என்னென்ன பாடம் நடந்தது என்று தேதிவாரியாக எழுதும் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். “போர்ஷன் முடிஞ்சதா எழுதிப்போடுங்க டீச்சர். ஆபீசர் வந்துட்டுப் போகட்டுங்க. அப்புறம் நிதானமா நடத்திக்கலாமுங்க” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “உங்க வேலை ஆர்டர் விஷயமும் நம்ம ஞாபகத்துல இருக்குதுங்க” என்றும் சொன்னார்.

எழுதினேன். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது தெரிந்துவிடக் கூடாது என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். அந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய இரண்டு நாட்களும் பழைய கைடு ஒன்றை வைத்துக்கொண்டு சீனா முழுவதற்கும் நோட்ஸ் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் பிள்ளைகள் எழுதினார்கள். பெரும் பாய்ச்சல் திட்டத்துக்கு அந்தக் கைடில் நாலே வரிகள். “இதனால் வேளாண் உற்பத்தி பெருகியது” என்று முடிந்திருந்தது. அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் வேறு விதமாகப் படித்திருந்தேன். இருந்தாலும் நேரமில்லை என்று அந்த வரியை அப்படியே சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. பேனாவை மூடச் சொல்லிவிட்டு, படித்ததைக் கதையாகச் சொன்னேன். எங்கள் கம்யூனில்தான் அதிக விளைச்சல் என்று ஒவ்வோர் அதிகாரியும் மேலே எழுதி அனுப்பினார்கள். பக்கத்துக் கம்யூன்காரர் அதைவிட அதிகமாக எழுதுவார். சீனத் தலைவர் ரயிலில் வருகிறார் என்று தெரிந்ததும், பல வயல்களில் விளைந்து நின்ற பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து ரயில் பாதையோரத்து வயலில் நெருக்கி நட்டு வைத்தார்கள். ரயிலிலிருந்து பார்த்தால் பயிர் சுவர் மாதிரி நிற்கும். ரயில் போய்விடும்.

வகுப்பு விழித்துக்கொண்டது. “அதெப்படிங்க மிஸ், காத்துப் புகாம வெந்து போயிருமே!” என்றாள் சொந்த நிலமுள்ள தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி. அதற்குத்தான் மின்விசிறி வைத்துக் காற்று அடித்தார்கள் என்று சொன்னேன். ஒரே சிரிப்பு.

“பயிருக்கு ஃபேனுங்களா! எங்க ஊட்டுல எங்களுக்கே இல்லீங்க.”

என்னோடு நடந்து வரும் பெண் சிரிக்கவில்லை. “எங்கம்மா மக்காச்சோளம் ஊனறப்ப ஒரு சாண் விட்டு ஊனோணும்னு தோட்டத்துக்காரரு கத்துவாருங்க. நெருக்குனா கதிரு புடிக்காதுங்க மிஸ். அங்கயும் வயல்ல வேலை செஞ்சவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குமில்லீங்க? ஏன் ஒருத்தருகூடச் சொல்லலீங்க?” என்று கேட்டாள்.

பயம் என்றேன். சொன்னவர்களின் வேலை போயிற்று, சிலருக்கு அதைவிடக் கெடுதல் நடந்தது என்றேன். பதிவேட்டில் மட்டும் தானியம் நிறைந்திருந்தது. அதை நம்பி அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிற்று. ஊரில் சாப்பிட ஒன்றும் இல்லாமல் ஏராளமான ஜனங்கள் செத்துப்போனார்கள். அந்த வருடம் நான் நடத்தியதிலேயே நல்ல பாடம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிற பழக்கம்தான். ஆபீசர் கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைக்காரியாகப் பார்த்து எழுப்புவார். ஆபீசருக்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியதாகத் தெரியும். நான் படித்த பள்ளியிலும் இதைச் செய்திருக்கிறோம். அதனால் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு, ஒரு முறை செய்து பார்க்கவும் சொன்னேன். முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன.

“அப்ப நாளைக்கு நம்ம கிளாஸ்தானுங்களா மிஸ் அந்த ரயில் ரோட்டு வயலு?”

அவள்தான். குத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் என்னோடு பேசுவது போலத்தான் சொன்னாள். வகுப்பே வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம்தான் வந்தது. இதையே நாளைக்கு ஆபீசர் முன்னால் சொல்லிவிட்டால்? பதிவேடு, மூன்று பேனா, ஆர்டர் எல்லாம் ஒரு நொடியில் என் கண்முன்னால் வந்தன.

“நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வர வேண்டாம்” என்றேன்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று சரியாகப் படிக்காத பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்வதும் ஒரு பழக்கம். அவள் படிக்காத பெண் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றது. அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

“சரிங்க மிஸ்” என்றாள். அவ்வளவுதான்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வாய் வந்தது என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் அதே கேலியைச் செய்திருந்தால் அவளையும் வர வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் யாராவது கேட்டு வருவார்கள் என்ற பயம் இருந்திருக்கும். இவளுக்காகக் கேட்டு வர யாரும் இல்லை. மற்றவர்கள் சாதி பார்த்ததால் தனியாகிப் போனவள் நான். எனக்கே அந்தக் கணக்கு உள்ளுக்குள் ஓடியிருக்கிறது.

இன்ஸ்பெக்‌ஷன் நன்றாக நடந்தது. ஆபீசர் வயதானவர், சாந்தமானவர். கம்யூன் என்றால் என்ன என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் எழுப்பிய பெண் நோட்ஸை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, வகுப்பைப் பார்த்து, “சீர்திருத்தம் வரைக்கும் எல்லாம் நடத்தியாச்சாம்மா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் யாரையும் தயார் செய்திருக்கவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

“நடத்தியாச்சுங்க சார்!” என்றன முப்பத்தொரு குரல்கள்.

“வெரி குட்” என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். தலைமை ஆசிரியை வாசலில் நின்று எனக்குத் தலையசைத்தார். வீட்டுக்குப் போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் வந்தாள். பாடத்தைக் கவனித்தாள். எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அவள் சாலையின் அந்தப் பக்கம் வேறு பெண்களோடு போனாள். இரண்டு நாள் கழித்து, வராந்தாவில் நானாகக் கூப்பிட்டு, “பாப்பா அடியெடுத்து வைக்கறா, தெரியுமா?” என்றேன்.

“சரிங்க மிஸ்” என்றாள்.

வகுப்பும் மாறியது. அதை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணர்ந்தேன். விட்டுப்போன பாடங்களை அவசர அவசரமாக நடத்திக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றையும் முடித்து, புரிந்ததா என்று கேட்பேன். “புரிஞ்சுதுங்க மிஸ்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். சந்தேகம் உண்டா? “இல்லீங்க மிஸ்.” எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிள்ளைகள் ஒழுங்காகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கும்போது விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். முதல் ஐந்தாறு தாளிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒருத்தி 1949 புரட்சியை 1911-லேயே நடத்தி முடித்திருந்தாள். இன்னொருத்தி எந்தக் கேள்விக்கும், ஆபீசர் முன்னால் ஒப்பித்த அந்தக் கம்யூன் பதிலையே எழுதி வைத்திருந்தாள். உள்நாட்டுப் போரில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, வெறும் வெள்ளைத்தாள். தினமும் என்னிடம் புரிந்தது, புரிந்தது என்று சொன்ன பிள்ளைகள். மார்ச்சில் பொதுத்தேர்வு.

அவள் தாளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ‘பெரும் பாய்ச்சல் திட்டத்தின் விளைவுகளை எழுதுக’ என்ற கேள்விக்கு அழகான கையெழுத்தில் நாலு வரிகள். கடைசி வரி, “இதனால் வேளாண் உற்பத்தி பெருகியது.”

நெருக்கினால் கதிர் பிடிக்காது என்று எனக்குச் சொன்னவள் அவள். ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டவள். நான் கொடுத்த நோட்ஸ்படி அந்த விடைக்கு முழு மார்க் போட வேண்டும். சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. குழந்தை எழுந்து அழுததும்தான் நினைவு வந்தது.

விடுமுறைக்கு என் கணவர் நான்கு நாள் வந்தார். அவரிடம் சொல்ல நினைத்தேன். களைத்துப்போய் வந்திருந்தார். ஆர்டர் எப்போது வரும் என்று அவரே ஆவலாகக் கேட்டார். சொல்லவில்லை. இதில் யாரிடம் யோசனை கேட்பது என்று தெரியாமல் அந்தப் பத்து நாட்களை ஓட்டினேன். சும்மா இருந்துவிடு, யாருக்கும் தெரியாது என்று ஒரு நேரம் தோன்றும். பிள்ளைகள் ஃபெயிலானால் என்று ஒரு நேரம் தோன்றும். ஒரு முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. பள்ளி திறந்துவிட்டது. அவ்வளவுதான்.

முதல் பீரியடில் பதிவேட்டை வகுப்புக்கே எடுத்துக்கொண்டு போனேன். நடத்தாத பாடங்களை நடத்தியதாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, அந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நோட்டில் உற்பத்தி பெருகியது என்ற வரியையும் அடிக்கச் சொன்னேன். “ஆபீசர்கிட்ட உங்களைப் பொய் சொல்ல வெச்சது நான்தான்” என்றேன். பிறகு அவளைப் பார்த்து, “உன்னை வர வேண்டாம்னு சொன்னது தப்பு. நீ கேட்டது சரியான கேள்வி” என்றேன்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. இவ்வளவு சொல்லியும் ஒன்றும் ஆகவில்லையே, வேலையையும் கெடுத்துக்கொண்டேனே என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் 1949-லிருந்து தொடங்கப் போனேன். அவள் எழுந்தாள்.

“மிஸ், எனக்கு 1911-ல இருந்தே புரியலீங்க.”

“எனக்குமுங்க மிஸ்” என்றாள் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். “எனக்குப் போன வருசத்துப் பாடமே புரியலீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். நவம்பருக்குப் பிறகு அந்த வகுப்பில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கோ இரண்டு மாதத்தில் இத்தனையையும் எப்படி நடத்துவது என்று திகில்.

சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைத்தேன். வீட்டுக்காரம்மாவை அன்றும் சிரமப்படுத்த முடியாது என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்குப் பாப்பா போய்க்கொண்டிருப்பாள். கம்யூன் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததையும், அரசுக்கு ஒரு பங்கு அளந்துவிட்டு மிச்சத்தை அவரவர் விற்கலாம் என்று வந்ததையும் நடத்தியபோது, “குத்தகைக்கு உட்ட மாதிரிங்களா மிஸ்?” என்று கேட்டாள் அவள். “குத்தகைன்னா நெலத்துக்காரரு எப்ப வேணாலும் புடுங்கிக்குவாரு. அங்க புடுங்க மாட்டாங்களா?” அந்தக் கேள்வி முப்பது நிமிடம் ஓடியது. எந்தக் கைடிலும் அதற்குப் பதில் இல்லை.

பிப்ரவரியில் தலைமை ஆசிரியை பதிவேட்டைப் பார்த்துவிட்டார். கோபப்பட்டுக் கத்தவில்லை. “ஏனுங்க டீச்சர், ஆபீசர் கையெழுத்துப் போட்ட பக்கத்துல சேப்பு மையில கோடு போட்டு வெச்சிருக்கீங்களே. நீங்க நல்லவங்கன்னு காட்டறதுக்கு ஸ்கூலு பேருதான் கெடச்சுதுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததாகத்தான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரலோடு என் வேலை முடிந்தது. அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்தார்கள்.

அவள் கடைசிவரை வகுப்பில் கேள்வி கேட்டாள். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு என்னோடு நடந்து வரவில்லை. கடைசி நாளில் எல்லோரும் கையெழுத்து வாங்க வந்தபோது அவளும் நோட்டை நீட்டினாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, “வாரேனுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள். தேறினாளா, மேலே படித்தாளா, தெரியாது. பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். என் மகளுக்கு நாலு வயதாகிறது. நான் எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்பாள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும், சரி என்று பட்டுத்தான் சொல்கிறாளா, அல்லது என் முகத்தைப் பார்த்துப் பயந்து சொல்கிறாளா என்று அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து கேட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.